விறகுக்கரி உற்பத்தி ஏறுதா, இறங்குதா? செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேக்குற கேள்விகள்

காரைக்குடியில விறகு, கரி ரெண்டும் ஏவாரம் பண்றோம், அதனால கரியப் பத்தி யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் நேரா கடைக்குத்தான் வர்றாங்க. பட்டறைக்காரங்க விலை கேப்பாங்க, ஹோட்டல்காரங்க தூள் இல்லாத கரி கேப்பாங்க, காலேஜ் பசங்க வந்து "அண்ணே, இந்தியாவோட விறகுக்கரி உற்பத்தி ட்ரெண்ட் என்ன"ன்னு கேப்பாங்க. கடைசியா சொன்னவங்களுக்கு நின்னுக்கிட்டே பதில் சொல்லி முடியாது, அதனால வழக்கமா வர்ற கேள்வி எல்லாத்தையும் இங்க எழுதிப் போட்டாச்சு. நிலக்கரி வேற, இது விறகுல இருந்து எடுக்குற அடுப்புக்கரி, அத மட்டும் மனசுல வெச்சுக்குங்க.

இந்தியாவுல வருஷத்துக்கு எவ்வளவு விறகுக்கரி தயாராகுது?

ஐ.நா.வோட உணவு வேளாண்மை அமைப்பு, எஃப்.ஏ.ஓ.ன்னு சொல்லுவாங்க, அவங்க கணக்குல நம்ம நாடு வருஷத்துக்கு 30 லட்சம் டன்னுக்குக் கொஞ்சம் கீழ. உலகம் முழுக்க 2015ல 5.2 கோடி டன், அதுல 62 சதவீதம் ஆப்பிரிக்காவுல மட்டும். தனி நாடா எடுத்தா முதல் இடம் பிரேசிலுக்கு, வருஷத்துக்கு 60 லட்சம் டன்னைத் தாண்டும்.

டன்னை வெச்சு மட்டும் பாத்தா நாம பெரிய ஆளு மாதிரித் தெரியும், ஏன்னா பெரிய கரி நாடுகள் பட்டியல்ல எப்பவும் நம்ம பேரு இருக்கும். ஆள் கணக்குல வகுத்துப் பாருங்க, நமக்குத் தலைக்கு ரெண்டு கிலோ சொச்சம்தான் வரும், பிரேசிலுக்கு 30 கிலோ பக்கம், உலக சராசரியே 7 கிலோ. அதாவது ஜனத்தொகையால வர்ற பெரிய நம்பர் இது, நாம பெருசா கரி எரிக்கிற ஜனம் கிடையாது. நம்ம ஊருல அடுப்புன்னா விறகை நேரா வெச்சு எரிக்கிறதுதான் பழக்கம். எஃப்.ஏ.ஓ. கணக்குல இந்தியாவோட எரிவிறகு 30 கோடி கன மீட்டர் அளவுல நிக்குது, அதுல கரிக்குப் போறது ஆறு சதவீதம் பக்கம். உலக அளவுல அதே பங்கு 17 சதவீதம்.

இந்தியாவோட கிராஃப் மட்டும் ஏன் அவ்வளவு வழவழன்னு இருக்கு? ஏத்த இறக்கமே இல்லையே?

நல்ல கேள்வி, இதை முதல்ல புரிஞ்சுக்கிட்டாத்தான் மத்ததெல்லாம் புரியும். அந்தக் கோடு யாரும் எடை போட்டு வரைஞ்சது இல்ல.

வருஷா வருஷம் எல்லா நாட்டுக்கும் ஒரு கேள்வித்தாள் போகும், உங்க நாட்டுல இவ்வளவு மரம் வெட்டுனீங்களா, இவ்வளவு பலகை அறுத்தீங்களா, இவ்வளவு கரி எடுத்தீங்களான்னு. பலகைக்கு மில்லு இருக்கு, பேப்பருக்கு ஃபேக்டரி இருக்கு, கணக்கு கிடைச்சிரும். கரிக்கு என்ன இருக்கு? ராமநாதபுரம் பக்கம் ஒரு கருவக்காட்டு ஓரத்துல மூட்டம் போட்டு (விறகை அடுக்கி மண்ணால மூடிக் கரியாக்குறது), சாக்குல கட்டி, லாரியில ஏத்தி அனுப்புறவர்கிட்ட யாரு போய் ஃபார்ம் குடுத்து நிரப்பச் சொல்லப் போறா? அதனால பதில் வராத நாட்டுக்கு எஃப்.ஏ.ஓ.வே ஒரு ஃபார்முலா வெச்சுக் கணக்குப் போட்டுருது, ஜனத்தொகை, வருமானம், எவ்வளவு பேரு டவுன்ல இருக்காங்க இதெல்லாம் அதுக்குள்ள வரும். பால்காரர் தினம் எழுதி வைக்காம மாசக்கடைசியில "வீட்டுல அஞ்சு பேரு, ஆளுக்குக் கால் லிட்டர்"னு கணக்கு முடிச்ச கதைதான். தப்புன்னு சொல்ல மாட்டேன், மொத்தத்துல ஓரளவு சரியாவே இருக்கும், ஆனா எந்த வாரம் விருந்தாளி வந்தாங்கன்னு அதுல தெரியாது.

ஜனத்தொகை வருஷா வருஷம் சீராத்தான் ஏறும், அதனால கரிக்கோடும் சீரா ஏறுது. வறட்சி, வெள்ளம், கோர்ட் ஆர்டர், கேஸ் சிலிண்டர், நோட்டுச் செல்லாம போனது, கொரோனா, எதுவுமே அந்தக் கோட்டை ஆட்டலைன்னா அது உற்பத்திக் கோடு இல்லீங்க, மதிப்பீட்டுக் கோடு. பிரேசில் கிராஃபைப் பக்கத்துல வெச்சுப் பாருங்க, பல்லு பல்லா இருக்கும். அங்க கரி போறது இரும்பு உருக்குற உலைக்கு, கம்பெனிக்காரன் டன் கணக்கு எழுதி வெக்கிறான், 2008ல உலகம் பூரா இரும்பு விலை படுத்தப்ப கரியும் சேந்து படுத்துச்சு.

அப்ப நிஜத்துல இந்தியாவுல கரி ஏறுச்சா இறங்குச்சா?

என் பதில்: மொத்த அளவு பெருசா மாறலை, வாங்குற ஆளுதான் மாறிட்டாரு. வீட்டுச் சமையக்கட்டுல இருந்து கிளம்பி பட்டறைக்கும் ஃபேக்டரிக்கும் ஹோட்டலுக்கும் கப்பலுக்கும் போயிருச்சு.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1830கள்ல பரங்கிப்பேட்டையில ஹீத்துன்னு ஒரு வெள்ளைக்காரர் இரும்பு ஆலை போட்டாரு, சேலத்து இரும்புக்கல்லு, காட்டுமரக் கரி, ரெண்டையும் வெச்சு இரும்பு உருக்குறதுதான் திட்டம். சில பத்து வருஷம் தட்டுத்தடுமாறி ஓடி நின்னுபோச்சு, பக்கத்துல மரம் தீந்து கரி பத்தாததும் அதுக்கு ஒரு காரணம். அப்புறம் மைசூர் சமஸ்தானம் பத்ராவதியில 1923ல கரி உலையைப் பத்த வெச்சாங்க, விஸ்வேஸ்வரய்யா பாத்துக்கிட்டது, அங்க விறகைக் கரியாக்குறப்ப வர்ற புகையில இருந்து கெமிக்கல் வேற தனியா எடுத்தாங்க. இதெல்லாம் பெரிய அளவுல கரி தின்ன இடங்கள்.

அடுத்த பெரிய தாவல் ரெண்டாம் உலகப்போர். பெட்ரோல் ரேஷன், அதனால பஸ்ஸுக்குப் பின்னாடி ஒரு பெரிய இரும்பு உருளை மாட்டி, அதுல கரியைப் போட்டு எரிச்சு, வர்ற வாயுவுல எஞ்சினை ஓட்டுனாங்க. கரி பஸ்ஸுன்னு பேரு. கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு ஆளு பின்னாடி நின்னு கைப்பிடியைச் சுத்தோ சுத்துன்னு சுத்தணும், மேடு வந்தா ஆளுங்க இறங்கித் தள்ளணும். இந்தப் பக்கம் வயசான ஆச்சிமாரு இருந்தா கேட்டுப் பாருங்க, அவங்க அப்பச்சி சொன்ன கதைன்னு ஒண்ணாவது கிடைக்கும். போர் முடிஞ்சு பெட்ரோல் வந்ததும் அந்த டிமாண்டு அப்படியே அவிஞ்சு போச்சு.

வீட்டுக்குள்ள கதை வேற. டவுன் வீடுகள்ல குமுட்டிங்கிற சின்னக் கரியடுப்பு இருந்துச்சு, காப்பி போட, பால் காய்ச்ச, கஷாயம் வெக்க. செட்டிநாட்டுப் பெரிய வீடுகள்ல விசேஷச் சமையலுக்குப் பின்கட்டுல விறகடுப்பு, தினப்படி சின்ன வேலைக்குக் கரியடுப்பு. அப்புறம் மண்ணெண்ணெய் ஸ்டவ் வந்து கரியைத் தள்ளுச்சு, கேஸ் வந்து மண்ணெண்ணெயைத் தள்ளுச்சு. தமிழ்நாட்டுல 2006க்கு அப்புறம் இலவச கேஸ் அடுப்பு, நாடு முழுக்க 2016 மே மாசத்துல இருந்து உஜ்வலா கேஸ் திட்டம். இப்ப எங்க கடையில வீட்டுக்குன்னு கரி வாங்குறவங்க கொலு சமயத்துல சாம்பிராணி போடவும், குழந்தை பொறந்த வீட்டுக்கும்தான்.

ஆனா கடை மூடலையே! திருப்பாச்சேத்தி அரிவாள் அடிக்கிற கொல்லுப்பட்டறைக்குக் கரி வேணும், நகைப் பத்தருக்கு வேணும், சிவகாசிக்குக் கரித்தூள் வேணும் (வெடியுப்பு, கந்தகம், கரி மூணும் சேந்தாத்தானே மருந்து), ஊதுபத்திக்கு வேணும், கம்ப்யூட்டர் சாம்பிராணிக்கு வேணும், சிலிக்கான் சம்பந்தப்பட்ட உலைகளுக்கு வேணும், தந்தூரி அடுப்புக்கு வேணும், அல்ஃபாம் சிக்கனுக்கு வேணும். பதினஞ்சு இருவது வருஷத்துக்கு முன்னாடி காரைக்குடியில கிரில் போட்ட கடையைத் தேடணும், இப்ப செக்காலை ரோட்டுல நடந்து போனாலே புகை மூக்குல ஏறும்.

இஸ்திரிக் கடைக்காரங்க?

பாதிப் பேரு கேஸ் இஸ்திரிப்பெட்டிக்கு மாறிட்டாங்க. பொறி பறந்து சட்டையில ஓட்டை விழாது, பெட்டியை வீசிக்கிட்டு நிக்க வேணாம். மிச்சப்பேரு வாங்குறது கொட்டாங்கச்சிக் கரி, விறகுக்கரி இல்ல.

கொட்டாங்கச்சிக் கரியும் இந்தக் கணக்குல சேருமா?

இதுல நிறையப் பேரு தடுமாறுறாங்க. உற்பத்திக் கணக்குல விறகுக்கரின்னா விறகுல இருந்து எடுத்ததுதான். ஏத்துமதி இறக்குமதிக் கணக்கு சுங்கத்துல சரக்குக்குக் குடுக்குற கோட் நம்பர் வெச்சு வரும், அந்த 4402ங்கிற தலைப்புல விறகுக்கரி, மூங்கில் கரி, கொட்டாங்கச்சிக் கரி எல்லாமே ஒண்ணா உக்காந்திருக்கும். உலகம் பூரா பொதுவா இருக்குற ஆறு இலக்கக் கோட் நம்பர்ல கொட்டாங்கச்சி மாதிரி ஓட்டுக்கரிக்குத் தனி நம்பர் குடுத்ததே 2022ல இருந்துதான். தமிழ்நாட்டுக்கு இது முக்கியம், ஏன்னா காங்கேயம், பொள்ளாச்சி பக்கம் கொட்டாங்கச்சிக் கரி பெரிய தொழிலு, அதுல இருந்து தண்ணி வடிகட்டுற ஆக்டிவேட்டட் கார்பன் வரைக்கும் போகுது. ஏத்துமதி ஏறிருக்குன்னு ஒரு நம்பரைப் பாத்து, அடடா இவ்வளவு மரம் அழிஞ்சுபோச்சான்னு நெஞ்சுல அடிச்சுக்குறதுக்கு முன்னாடி எந்தக் கோட் நம்பர்னு பாருங்க, தேங்காயா இருக்கலாம்.

இப்ப வர்ற கரி எல்லாம் சீமைக்கருவேலமா?

எங்க கடைக்கு வர்றது கிட்டத்தட்ட எல்லாமே. முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடி, பரமக்குடி, மானாமதுரை, இந்தப் பட்டையில இருந்து வருது. இளையான்குடி பக்கமும் உண்டு.

இந்த மரம் தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா, கரீபியன் பக்கத்துச் சரக்கு. காமராசர் கொண்டுவந்தாருன்னு ஒரு கதை ஊரெல்லாம் சுத்துது, ஆனா 1877லயே அன்னைய மெட்ராஸ் ராஜதானியில இருந்த கடப்பா பக்கம் கமலாபுரத்துல நட்டுட்டாங்க. எரிவிறகு பஞ்சத்துக்காகத்தான் கொண்டுவந்தது, அந்த விஷயத்துல மட்டும் அது சொன்ன சொல்லைக் காப்பாத்திருச்சு. ஆடு மாடு நெத்தைத் தின்னுட்டுப் போற இடமெல்லாம் விதையைப் போட்டுச்சு, கண்மாய், ஊருணி, தரிசு, ரயில்ரோட்டு ஓரம் எதையும் விடலை.

இது வந்ததால கரிக்கு என்ன ஆச்சுன்னா, முன்னாடி காட்டு மரத்தையும் நாட்டுக்கருவேலத்தையும் வெட்டி எடுத்த கரி, இப்ப யாரும் நடாத மரத்துல இருந்து வருது. வெட்டுனா மறுபடி துளுக்கும், மூணு நாலு வருஷத்துல மறுபடி வெட்டுக்கு வந்துரும். மழை பொய்ச்ச வருஷத்துல வெள்ளாமை இல்லாத விவசாயி நிலத்துல நிக்கிற கருவையைக் குத்தகைக்கு விட்டுத்தான் வீட்டுச் செலவைப் பாத்தாரு. அதனாலதான் வறட்சியில இந்தப் பக்கம் கரி அதிகமாகும், ஃபார்முலாவுல வறட்சின்னு ஒரு கட்டமே கிடையாது.

மூட்டம் எப்படிப் போடுறாங்க? ஒரு டன் கரிக்கு எவ்வளவு விறகு?

வெட்டுன விறகைக் கொஞ்சம் காயவிட்டு, தடி கட்டையை உள்ள வெச்சு, சன்னக் குச்சியை வெளிப்பக்கமா சந்து இல்லாம அடுக்குவாங்க. மேல இலைதழை, வைக்கோல், அதுக்கு மேல ஈர மண்ணு, கரம்பையா இருந்தா நல்லா ஒட்டும். ஒரு வாய் விட்டு அதுல தீ வெக்கணும், பத்திக்கிட்டதும் அதை மூடிட்டு, அடிப்பக்கம் சின்னச் சின்ன ஓட்டை மட்டும் காத்துக்கு. இனிமேதான் வேலை. விறகு எரியக்கூடாது, வேகணும்.

முதல்ல வர்றது திக்கான வெள்ளைப் புகை, அது பெரும்பாலும் தண்ணி ஆவி. விறகு சூடு 270, 280 டிகிரியைத் தாண்டுனதும் தானாவே சூட்டைக் கிளப்ப ஆரம்பிச்சிரும், புகை மஞ்சளடிச்சுக் கண்ணைக் கரிக்கும். கடைசியில சன்னமா நீலமாகி, அப்புறம் கிட்டத்தட்டத் தெரியாமப் போயிரும், அப்ப அந்தப் பக்கம் வெந்துருச்சுன்னு ஓட்டையை அடைச்சுட்டு வேற பக்கம் திறப்பாங்க. இதுக்கெல்லாம் தெர்மாமீட்டர் கிடையாது, புகை நிறமும் மோந்து பாக்குற வாசமும்தான். மேல மண்ணு எங்கயாவது உள்வாங்கிருச்சுன்னா நடுராத்திரி ஆனாலும் ஓடிப்போய் மண்ணைப் போட்டு மூடணும், கால் மணி நேரம் தூங்கிட்டா உள்ள காத்துப் போய் ஒரு பக்கம் சாம்பலாயிரும். சின்ன மூட்டம் நாலஞ்சு நாளு, பெருசு பத்து நாளைத் தாண்டும். வெந்ததும் மூடி ஆறவெச்சு, தண்ணி தெளிச்சு, வாரிப் பிரிக்கிறது.

பிரிக்கிறப்ப வகை பாத்துப் போடுவாங்க. தூர்க்கட்டையில இருந்து வர்ற தூர்க்கரி கனமா இருக்கும், நின்னு எரியும், விலை கூட. அடுத்து உருட்டு, அப்புறம் குச்சிக்கரி, கடைசியில தூளு.

விறகு கணக்கு: மண் மூட்டத்துல எடைக்கு எடை பத்துல இருந்து இருவத்தி ரெண்டு சதவீதம்தான் கரியா வரும்னு எஃப்.ஏ.ஓ. சொல்லுது, அதாவது டன்னுக்கு நாலரை டன்னுல இருந்து பத்து டன் வரைக்கும் விறகு. நல்ல கைகாரர், காஞ்ச விறகு, அஞ்சுக்குள்ள முடிப்பாரு. புள்ளிவிவரத்துல ஒரு டன் கரிக்கு ஆறு கன மீட்டர் விறகுன்னு பொதுவா வெச்சுக்குறாங்க, இந்தியாவோட 30 லட்சம் டன்னை ஆறால பெருக்கினா 1.8 கோடி கன மீட்டர். மேல சொன்ன ஆறு சதவீதம் அங்க இருந்து வந்ததுதான்.

இந்த வேலைக்கு நல்ல கூலின்னு பொய் சொல்ல மாட்டேன். குடும்பத்தோட காட்டுல தங்கி, முன்பணம் வாங்கிட்டு அதைக் கழிக்கிறதுக்கே வருஷம் ஓடுற ஆளுங்க உண்டு. 1976லயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்துருச்சு, ஆனா முன்பணம்ங்கிற பேர்ல நடக்குறதை எந்தக் கிராஃப்பும் காட்டாது. கரி விலை பேசுறப்ப நாங்க ஏவாரிங்க உட்பட யாரும் இதைப் பேசுறதில்ல.

மழைக்காலத்துல ஏன் விலை ஏறுது?

ஐப்பசி கார்த்திகையில மூட்டம் போட முடியாது, ஈர விறகு வேகாது, மேல மண்ணு கரைஞ்சு இறங்கும், கண்மாய்க்குள்ள லாரி போகாது. ஸ்டாக் வெச்சிருக்கிறவரு அப்பத்தான் விலை வெப்பாரு. ஹோட்டல் நடத்துறீங்கன்னா ஆவணிக்குள்ள வாங்கிப் போட்டுருங்க, அவ்வளவுதான்.

2017ல கோர்ட்டு சீமைக்கருவேலத்தை அழிக்கச் சொன்னப்ப கரித் தொழில் என்னாச்சு?

2017 ஆரம்பத்துல ஹைகோர்ட்டு மதுரைக் கிளை உத்தரவுல தென்மாவட்டமெல்லாம் ஜேசிபி இறங்குச்சு, வைகோ போட்ட வழக்கும் அதுல ஒண்ணு. அதே வருஷமே ஏப்ரல் வாக்குல சென்னையில இடைக்காலத் தடை வந்து வேகம் கொறைஞ்சிருச்சு. அந்தச் சில மாசம் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்துல வெட்டுனா என்னாகும், விறகு குவிஞ்சு கிடந்துச்சு, வாங்க ஆளில்ல. தூரோட பிடுங்குன இடத்துல அடுத்த வெட்டு கிடையாது, மேல மட்டும் அறுத்துட்டுப் போன இடத்துல அடுத்த மழைக்கே துளுத்துக்கிச்சு. ரெண்டாவது வகைதான் அதிகம்னு தேவகோட்டை ரோட்டுல பஸ்ஸுல போனாலே தெரியும். 2022ல தமிழ்நாடு அரசு அந்நிய மரங்களை அகற்ற ஒரு கொள்கையே வெளியிட்டாங்க.

கரிக்காரங்க இந்த மரத்தை ஒழிச்சிருவாங்களான்னு கேட்டா, மாட்டாங்க. ஒழிக்கணும்னா தூரைப் பிடுங்கணும், தொழில் நடக்கணும்னா தூரை விடணும். ரெண்டையும் ஒரே ஆளுகிட்ட எதிர்பாக்க முடியாது. கண்மாய் ஏலத்துல தூரோட எடுக்கணும்னு நிபந்தனை போட்டு அதைச் சரிபாத்தா மட்டும்தான் நடக்கும், தூர்க்கரிக்கு விலை கூடங்கிறதால ஏலம் எடுத்தவருக்கும் பெரிய நஷ்டம் வராது.

கரிக்குத் தடை போட்டா உற்பத்தி குறையுமா?

காகிதத்துல குறையும். குஜராத்துல கட்ச் பக்கம் பன்னி புல்வெளி, அங்கயும் இதே மரம்தான் மேய்ச்சல் நிலத்தை முழுங்குச்சு. 2004ல கரி போட அனுமதி குடுத்தாங்க, மரம் குறையட்டும்னு. கரி கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு, சாக்குல வேற மரமும் சேந்து போகுதுன்னு புகார், 2008ல மறுபடி நிறுத்திட்டாங்க. கென்யாவுல 2018 பிப்ரவரியில மரம் வெட்டவும் கரி போடவும் தடை, அங்கயும் பாரிங்கோ பக்கம் நம்ம சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கு, மதெங்கேன்னு கூப்பிடுறாங்க. சோமாலியாவுல இருந்து கரி ஏத்துமதிய 2012ல ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சிலே தடை பண்ணுச்சு, அந்தக் காசு ஆயுதக் கும்பலுக்குப் போகுதுன்னு. அப்பவும் வளைகுடா நாட்டு ஹூக்கா கடைகளுக்குச் சரக்கு போய்க்கிட்டுத்தான் இருந்துச்சு. எரிக்கிற ஆளுக்கு வேற எரிபொருள் குடுக்காம தடை போட்டா, கரி லாரி பகல்ல ஓடாம ராத்திரி ஓடும். நம்ம ஊருல வீட்டுக் கரி குறைஞ்சது எந்தத் தடையாலயும் இல்ல, சிலிண்டராலதான்.

ஆப்பிரிக்காவுல மட்டும் ஏன் ஏறிக்கிட்டே போகுது?

டவுனு வளருது, கேஸ் அந்த வேகத்துல போய்ச் சேரலை. கிராமத்துல விறகு எரிச்சவரு டவுனுக்கு வந்ததும் கரிக்கு மாறுறாரு, ஏன்னா விறகை லாரியில தூரத்துல இருந்து கொண்டுவர்றது கட்டுப்படியாகாது. காத்துல காஞ்ச விறகு கிலோவுக்கு 3,500 கிலோகலோரி பக்கம் குடுக்கும், கரி 7,000 பக்கம். அதே லாரி வாடகையில ரெண்டு மடங்கு சூடு. எத்தியோப்பியா, நைஜீரியா, காங்கோ எல்லாம் அப்படித்தான். உலக மொத்தம் 2015 வரைக்குமான பத்து வருஷத்துல 19 சதவீதம் ஏறுச்சுன்னா அதுல பெரும்பங்கு அவங்க அடுப்புதான்.

கரி சுற்றுச்சூழலுக்குக் கெடுதலா நல்லதா?

எந்த மரம், எந்த உலை, ரெண்டையும் சொன்னாத்தான் பதில் சொல்ல முடியும். மறுபடி துளுக்குற கருவேலத்துல, புகையை உள்ளயே எரிக்கிற இரும்பு உலையில போட்டா பெருசா குறை சொல்ல முடியாது. இயற்கைக் காட்டை வெட்டி மண் மூட்டம் போட்டா மரமும் போச்சு, அந்தப் புகையில மீத்தேனும் கார்பன் மோனாக்சைடும் சேந்து போகுது. மேம்பட்ட உலையில விளைச்சல் 30 சதவீதத்தைத் தாண்டும், ஆனா உலையைக் காட்டுக்குக் காடு தூக்கிட்டுப் போக முடியாது, மண்ணு எல்லா இடத்துலயும் சும்மா கிடக்கு. அதான் மாறலை.

கரியைக் கண்டெய்னர்ல அனுப்ப இப்ப ஏன் இவ்வளவு கெடுபிடி?

புதுக் கரி தானா பத்திக்கும். அவிஞ்சுருச்சுன்னு நெனச்சுச் சாக்குல கட்டி வெச்சா உள்ள சூடு ஏறி விடியக்காலையில புகையும், எங்க செட்டுலயே ரெண்டு சாக்குக்கு நடுவுல கை விடுற இடைவெளி இல்லாம அடுக்கவிட மாட்டோம். கப்பல்லயும் தீ நிறைய நடந்து, 2026 ஜனவரி 1ல இருந்து உலகம் முழுக்கக் கடல் வழியாப் போற கரியை ஆபத்தான சரக்குன்னே அறிவிச்சு அனுப்பணும், சூடு அடங்குற வரைக்கும் குறைஞ்சது 14 நாள் ஆறவெக்கணும்னு ஆக்கிட்டாங்க. முன்னாடி டெஸ்ட்டுல பாஸ் ஆனா சாதா சரக்குன்னு போகும், அந்த வழி அடைஞ்சுபோச்சு. தூத்துக்குடி வழியா அனுப்புறவங்க இதைத் தெரிஞ்சுக்கிட்டு விலை பேசுங்க.

ரூமுக்குள்ள கரியடுப்பு வைக்கலாமா?

கதவு ஜன்னல் சாத்தின ரூம்ல வைக்கவே கூடாது. புகை தெரியலைங்கிறதால ஒண்ணுமில்லன்னு நெனைக்காதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்ல வாசமும் இல்ல, தூக்கத்துலயே ஆளைக் கொண்டுபோயிரும். பச்சப்புள்ள இருக்குற வீட்டுல சாம்பிராணி போட்டீங்கன்னா தணலை உடனே வெளிய கொண்டுபோய் வெச்சுருங்க.

ப்ராஜெக்ட்டுக்கு டேட்டா எடுக்கணும், எதைப் பாக்குறது?

எஃப்.ஏ.ஓ. தளத்துல 1961ல இருந்து வருஷ வாரியா கிடைக்கும், இலவசம்தான். நம்பருக்குப் பக்கத்துல ஒரு குறியெழுத்து இருக்கும், அரசாங்கம் குடுத்ததா மதிப்பீடான்னு அதுல தெரியும், பசங்க முதல்ல டெலீட் பண்றதே அந்தக் குறியெழுத்து வரிசையைத்தான். அதை வெச்சு மதிப்பீட்டு வருஷங்களை வேற கலர்ல வரைங்க. மதிப்பீட்டு நம்பரை வெச்சு ஜனத்தொகைக்கும் கரிக்கும் சூப்பர் தொடர்பு இருக்குன்னு முடிவு எழுதாதீங்க, ஃபார்முலாவுக்குள்ள ஜனத்தொகையைப் போட்டதே அவங்கதான், அது திரும்பி வராம எங்க போகும்? உள்ளூர் நிலவரம் வேணும்னா சிவகங்கை, ராமநாதபுரத்துல ரெண்டு மூணு எடைமேடை, லாரி புக்கிங் ஆபீஸ், கண்மாய் ஏலப் பதிவு இதுகளைப் பாருங்க. அலைச்சல்தான், ஆனா அதுல வறட்சியும் மழையும் தெரியும்.

வாங்கும்போது நல்ல கரின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ரெண்டு துண்டை ஒண்ணோட ஒண்ணு தட்டுங்க, கணீர்னு சத்தம் வரணும். மொத்துன்னு கேட்டா உள்ள வேகலை. உடைச்சா உடைஞ்ச இடம் மினுமினுன்னு கறுப்பா இருக்கணும், பழுப்பு தெரிஞ்சா அது புகையும், கிரில்ல கோழி கசக்கும். எடை கூட இருக்கேன்னு சந்தோசப்படாதீங்க, தண்ணி தெளிச்சதா இருக்கலாம், சாக்குக்கு அடியில கையை விட்டுப் பாருங்க, ஈரமும் தூளும் அங்கதான் இருக்கும்.